கெங்கவல்லி வரை போன ஜப்பான் கேசட்

நான் ஜப்பானுக்குப் போனது காற்று வாங்க. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரி வைத்திருப்பவனுக்குக் கம்ப்ரசர்தான் உயிர். பூமிக்குள் சுத்தியலை இறக்கிப் பாறைத் தூளை மேலே ஊதித் தள்ளுவது அதிலிருந்து வருகிற காற்றுதான். என்னுடைய பழைய கம்ப்ரசர் இழுப்பு வந்த கிழவனாட்டம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஜப்பானில் ஒரு கம்பெனிக்காரர் புது மாடல் காட்டுகிறேன் வாருங்கள் என்று கூப்பிட்டார். எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊரில் விமானம் ஏறியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் நானும் ஒரு விரலாகிவிடலாமே என்ற நப்பாசையும் இருந்தது, மறைப்பானேன்.

புறப்படுமுன் ராசிபுரம் போய் அர்த்தநாரி அண்ணனைப் பார்த்தேன். அவர் அங்கே சாயப்பட்டறை வைத்திருப்பவர். நெசவாளர்களுக்கு வேண்டிய நூலைக் கொதிக்கிற தொட்டியில் முக்கிச் சாயம் ஏற்றிக் கொடுப்பது அவர் தொழில். அந்தப் பட்டறைக்குப் போர் போட்டுக் கொடுத்தது நான். தண்ணீர் பீறிட்டு வந்தது. ஆனால் உப்பாக வந்தது. உப்புத் தண்ணீரில் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது. அன்றிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும், "வாங்க ரிக்காரரே, கடல்ல போயி வலை போடறத உட்டுட்டு எம் பட்டறையில கடல் தோண்டிக் குடுத்தீங்களே" என்று ஆரம்பித்துவிடுவார். நானும் பதிலுக்குப் பேசுவேன். ஆனாலும் காபி குடிக்காமல் விடமாட்டார்.

அவருடைய ஒரே மகள் மல்லிகா டோக்கியோவில் இருக்கிறாள். மருமகன் ராஜேந்திரன் அங்கே உலோகம் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்கிறார். "ஜப்பான் போறேனுங்கண்ணா, பாப்பாவுக்கு ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?" என்று கேட்டேன். அவர் பாட்டுக்கு எழுந்து தொட்டிப் பக்கம் போய்விட்டார். அவர் மனைவி பாவாயக்காதான் விவரம் சொன்னார்.

"தலைப்பிரசவமுங்க தம்பி. ரூமுக்கு வெள்ளையடிச்சு, ஒறம்பரைக்கெல்லாம் வளைகாப்புக்குச் சொல்லி, எல்லாம் ஆச்சு. கடேசி நேரத்துல 'படத்து வேல இருக்குது, வர முடியல'ன்னு தந்தி அடிச்சுப்போட்டா. புள்ளைய அங்கயே பெத்துக்கிட்டா. அன்னிக்குப் பேச்ச நிறுத்துன மனுசன் நாலு வருசமா ஒத்த வார்த்த இல்ல."

தொட்டிப் பக்கமிருந்து குரல் வந்தது. "வராததுக்கு இல்ல. எதுக்கோசரம் வல்லைங்கறதுதான். பொம்மைப் படத்துக்குப் பெயிண்ட் அடிக்கறதுக்கு!"

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வராத பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்த மனுஷனுக்கு ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்பது எனக்கும் புரிந்தது. பாவாயக்கா கொடுத்த பருப்புப்பொடிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

டோக்கியோவில் முதல் நாள் பசியில் போயிற்று. சோறு இருக்கிறது, ஆனால் குழைந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. அதன் நடுவில் உப்பில் ஊறிய ஒரு சிவப்புக் காயை வைக்கிறார்கள். வாயில் போட்டேன். நம்மூர் உப்பு மாங்காய்க்கு அக்கா முறை. அந்த ஒரு காயை வைத்துக்கொண்டே ஒரு கிண்ணம் சோற்றை இறக்கிவிட்டேன். பக்கத்துத் தட்டில் பச்சை மீன் இருந்தது. கோழியும் ஆடும் நன்றாகத் தின்கிற குடும்பம்தான் எங்களுடையது. அதற்காக அடுப்பையே பார்க்காத மீனையா? தொடவில்லை.

மறுநாள் கம்ப்ரசர் தொழிற்சாலை. வேலை தொடங்குமுன் மேனேஜர் முதல் கூட்டுகிறவர் வரை வரிசையாக நின்று கைகாலை ஆட்டி உடற்பயிற்சி செய்தார்கள். என்னையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். வேட்டி கட்டிக்கொண்டு போகாதது என் பூர்வ புண்ணியம். கம்ப்ரசர் பிரமாதம். பக்கத்தில் நின்று பேசினால் பேச்சு கேட்கிறது. எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றால் நாம் நினைப்பதே நமக்குக் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை மல்லிகா வீட்டுக்கு ரயில் ஏறினேன். ஏறியது எக்ஸ்பிரஸ். நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் கண்ணெதிரே சர்ரென்று பின்னால் போயிற்று. "நிறுத்து, நிறுத்து, ஆள் இறங்கோணும்!" என்று கத்தினேன். சங்ககிரி பஸ் என்றால் கண்டக்டர் ஒரு விசில் அடித்திருப்பார். இங்கே பெட்டியில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள், பிறகு மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன். ராஜேந்திரன் நடைமேடையில் காத்திருந்தார். என்னோடு இறங்கிய இரண்டு பெண்கள் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டே போனார்கள். என்னவென்று கேட்டேன். "உங்க மீசை ஒட்டினதா, வளர்ந்ததான்னு அவங்களுக்குள்ள பேச்சுங்க" என்றார்.

வீடு என்று சொன்னால் எங்கள் ஊர் ஜீப் ஷெட் கோபித்துக்கொள்ளும். அவ்வளவு சிறிசு. "வாங்க சித்தப்பா, ஊட்ல எல்லாருஞ் சௌக்கியமுங்களா?" என்று மல்லிகா கதவைத் திறந்தாள். ஜப்பானில் இத்தனை வருஷம் இருந்தும் ராசிபுரம் பேச்சு ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. பின்னாலிருந்து அவள் மகள் செல்வி எட்டிப் பார்த்தாள். மூக்கு அச்சு அசல் அர்த்தநாரி அண்ணன் மூக்கு.

உள்ளே நுழைந்தால் சுவரோரம் அடுக்கு அடுக்காகத் தட்டிகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடி மாதிரித் தாள் காய்ந்துகொண்டிருந்தது. தரையில் ஒரு தாழ்வான மேஜை. அதன்மேல் சின்னச் சின்னப் புட்டிகளில் பெயிண்ட், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். டி.வி.க்குப் பொம்மைப் படம் எப்படி எடுக்கிறார்கள் என்று மல்லிகா காட்டினாள். முதலில் ஒருவர் காகிதத்தில் படம் வரைகிறார். அந்தக் கோடுகளை மெஷினில் கண்ணாடித் தாளில் ஏற்றுகிறார்கள். வர்ணம் அடிப்பது பெரும்பாலும் வீட்டிலிருக்கிற பெண்கள். தாளின் முதுகுப் பக்கம் அடிக்க வேண்டும், திருப்பினால்தான் முகம் தெரியும். காய்ந்ததும் கம்பெனி கார் வீடு வீடாக வந்து வாங்கிப் போகிறது. அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டோ பிடித்து ஓட்டினால் பொம்மை நடக்கிறது.

"அட, இது நம்ம குமாரபாளையத்துல ஊடு ஊடாப் பாவு குடுத்துச் சேலை வாங்கிட்டுப் போறதாட்டமே இருக்குது!" என்றேன்.

"அதேதானுங்க சித்தப்பா. நெசவு ஊருக்காரி எங்க போனாலும் கூலிக்கு நெய்யத்தான் போவா" என்று சிரித்தாள்.

அவள் வேலை செய்த தொடர் ஒரு துணி வியாபாரிப் பெண்ணைப் பற்றியது. அந்தப் பெண் நொண்டி வாத்து ஒன்றைக் கூட்டிக்கொண்டு படகில் ஊர் ஊராகப் போய்த் துணி விற்கிறாள். வாரா வாரம் டி.வி.யில் வந்து எப்போதோ முடிந்துவிட்டதாம். பார்த்தவர்கள் விடவில்லையாம், வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்களாம். அதனால் இப்போது வீடியோ கேசட்டாகப் போட்டுக் கடைக்குக் கடை விற்கிறார்கள். முடிந்துபோன படத்தை விலை கொடுத்து வாங்கி அலமாரியில் வைப்பார்களா என்று எனக்கு ஆச்சரியம். நம்மூர் கொட்டகையில் ஒரே படத்தை இருபது தடவை பார்ப்பவன் உண்டு. ஆனால் அதை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று எவனும் கேட்டதில்லை.

சாப்பாடு ஆனதும் சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏம்மிணி, அப்படி என்ன வேல? பெத்தவங்க ஊட்டுக்கு வராத அளவுக்கு?"

மல்லிகா எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து தன் கல்யாணச் சேலையை எடுத்து வந்தாள். அரக்கு உடம்பு, மாம்பழ மஞ்சள் கரை. அந்த நூலுக்கு அர்த்தநாரி அண்ணன் யாரையும் தொட விடாமல் தன் கையாலேயே சாயம் போட்டார் என்பது ராசிபுரம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

"கதையில அந்தப் பொண்ணு தெக்கத்தி ஊருக்கு வர்றா, ஒரு கெழவி அவளுக்குச் சேலை கட்டி உடறா. சேலைக்கு என்ன கலருன்னு கம்பெனியில எங்கிட்டக் கேட்டாங்க. நான் இதக் கொண்டுபோயிக் காட்டுனேன். இதப் பக்கத்துல வெச்சுக் கலக்கிப் புதுசா ரண்டு புட்டி பண்ணுனாங்க. எல்லா ஊட்டுக்கும் அந்தப் புட்டிதான் போச்சு. ஆனா ஒருத்தங்க தண்ணி சாஸ்தியா ஊத்திப்போட்டாங்க, ஒருத்தங்க கம்மியா. சேலை ஒரு அடி எடுத்து வெச்சா அரக்கு, அடுத்த அடிக்குச் செங்கல். அசல் சேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சவ நான் ஒருத்திதான். ஒவ்வொரு தாளாப் பாத்து, ஆகாததத் திரும்ப அடிச்சேன். டாக்டரு இந்த வாரத்துக்கு மேல பிளேன் ஏறக் கூடாதுன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம் வந்தே ஆகோணும். அந்த வாரந்தானுங்க இந்தச் சேலை."

அப்பாவின் சாயத்துக்காக உட்கார்ந்தவளைத்தான் அப்பா நாலு வருஷமாகத் தள்ளி வைத்திருக்கிறார்.

"இத அவருகிட்டச் சொல்றதுதான?"

"சொன்னாச் சாக்குன்னுதான் நெனைப்பாருங்க. நீங்களும் சொல்லாதீங்க. கேசட்டக் குடுக்கறேன், போட்டுக் காட்டுங்க. அவரு சாயம் அவருக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாட்டி?"

ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியாட்டி நான் அடிச்சது அப்பா கலரு இல்லைன்னு அர்த்தம். அப்பறம் அன்னிக்கு நான் வராததும் தப்புத்தானுங்க."

அண்ணனிடம் சொல்வதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். கம்ப்ரசர் கப்பலில் வரட்டும் என்று விட்டுவிட்டேன். கேசட்டை வேட்டியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி மேலட்டையில் இருந்த நொண்டி வாத்தை நெடுநேரம் பார்த்தார். "குழந்தைக்கா?" என்றார். "ஒரு பெரியவருக்குங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, போகச் சொல்லிவிட்டார்.

வந்த கையோடு எங்கள் வீட்டு வீடியோ டெக்கில் போட்டுப் பார்த்தேன். படத்துக்குப் பதில் கோடு கோடாகப் பாய்ந்தது. சத்தம் ரிக் வண்டி சத்தத்தைத் தோற்கடித்தது. வீடியோ கடைத் தம்பி வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தான். "அண்ணா, டி.வி.க்கு ஊருக்கொரு சிஸ்டமுங்க. ஜப்பான்காரனுது வேற, நம்முளுது வேற. நம்ம டெக்குல போட்டா அறுத்த கோழியாட்டந்தான் துள்ளும். எல்லா சிஸ்டமும் ஓடற டெக்கு சங்ககிரியில லாரி ஆபீஸ் மாரப்பண்ணன் ஊட்ல இருக்குது. அவரு தம்பி மஸ்கட்ல இருந்து கொண்டாந்தாரு."

அத்தனை சாமர்த்தியமான ஜப்பான்காரன் இதை யோசிக்கவில்லையே என்று கோபம் வந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். ராசிபுரத்துச் சாயக்காரர் பார்ப்பதற்கென்று அவன் கேசட் போடவில்லைதானே.

ராசிபுரம் போய் விஷயத்தைச் சொன்னேன். "பொம்மைப் படம் பாக்கற வயசா எனக்கு?" என்று அர்த்தநாரி அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பாவாயக்கா சேலைத் தலைப்பை உதறிச் செருகினார். "எம்புள்ள கைபட்ட படம். நான் போறேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி நீங்களே சோறாக்கித் தின்னுங்க." அண்ணன் வந்தார். சும்மா துணைக்குத்தான் வருகிறாராம்.

என் ஜீப் பாதி வழியில் படுத்துக்கொண்டது. கை காட்டியதற்கு நின்றது ஒரு முட்டை லாரி. டிரைவர் எங்கள் மூவரையும் முன்னால் ஏற்றிக்கொண்டார், ஆனால் வேகம் போகமாட்டேன் என்றார். "பின்னால இருக்கறது பூராப் பச்சப்புள்ளைங்களாட்டம் சாமி, ஒரு குழியில உட்டனா ரோடெல்லாம் ஆம்லெட்டு." மாட்டு வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. ஜப்பானில் நிற்காத ரயில், இங்கே நகராத லாரி. எனக்கு வாய்த்தது அப்படி.

மாரப்பன் வீட்டில் நல்ல உபசாரம். போளி மாதிரி வெல்லம் வைத்துச் சுட்ட ஒப்பிட்டில் நெய் ஊற்றி ஊற்றி வைத்தார்கள். டெக்கில் கேசட் போனது. இந்த முறை படம் வந்தது, ஆனால் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது. மாரப்பன் டி.வி.க்குப் பின்னால் கையை விட்டு ஒரு திருகைத் திருக, படம் நின்றது. நின்றது கருப்பு வெள்ளையில்.

"கலரு?" என்றேன்.

"டெக்கு மஸ்கட்டு, டி.வி. நம்மூருதுங்களே. இதுல கலரு வராதுங்க" என்றார் மாரப்பன் சர்வ சாதாரணமாக.

வாத்து நொண்டியது. பெண் படகிலிருந்து இறங்கினாள். கிழவி சேலையைப் பிரித்தாள். கருஞ்சாம்பல் உடம்பு, வெளுத்த கரை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அர்த்தநாரி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சாயக்காரனைக் கூட்டியாந்து கருப்பு வெள்ள காட்டறீங்களே ரிக்காரரே, இது உங்களுக்கே நாயமாத் தெரியுதா? மொதல்ல உப்புத் தண்ணி, இப்ப இது."

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. மல்லிகாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்ததால் ஒப்பிட்டோடு சேர்த்து விழுங்கினேன்.

திரும்பும்போது பஸ் கிடைத்தது. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சங்ககிரி மலை பின்னால் போன பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "அந்தச் சேலை என்ன கலருன்னு அவ சொன்னாளா?"

"பாத்தாத் தெரியும்னு சொன்னாளுங்கண்ணா."

"கரை வெளுத்துத் தெரிஞ்சுது, அப்ப மஞ்சளாத்தான் இருக்கோணும். ஒடம்பு நல்லா கருத்திருக்குது. அரக்கா இருக்கலாம். கரும்பச்சையா இருக்கலாம். கத்திரிப்பூவாக்கூட இருக்கலாம்." விரல்களை மடக்கினார். அவர் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பாவாயக்கா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார்.

மறுநாள் காலையில் என் ஷெட்டில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், அண்ணனும் அக்காவும் வாசலில் நிற்கிறார்கள். அண்ணன் கண் சிவந்திருந்தது. "கலரு எங்க தெரியும்?" என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மாரப்பனிடம் விசாரித்திருந்தேன். அவர் தம்பியோடு மஸ்கட்டில் ஒரே அறையில் இருந்தவர் கெங்கவல்லிக்காரர். டெக், டி.வி. இரண்டையும் அங்கிருந்தே கொண்டு வந்தவர். கெங்கவல்லி நம் ஜில்லாவின் கிழக்குக் கோடி. ஒரு பொம்மைச் சேலையைப் பார்க்க அங்கே போவதா என்று வேறு யாராவது கேட்டிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆத்தூர் பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் மரவள்ளிக்காடு, ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாசம். ஒரு இடத்தில் டயர் வெடித்து எல்லாரும் இறங்கினோம். ரோட்டோரத்தில் ஒரு அம்மாள் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்றுக்கொண்டிருந்தார். மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றோம். டோக்கியோவில் தாள் பெட்டியில் பொட்டலம் பொட்டலமாக அழகாகக் கட்டிக் கொடுத்த சாப்பாடு இந்தக் கிழங்குக்கு முன்னால் நிற்காது, எழுதித் தருகிறேன்.

கெங்கவல்லி வீட்டில் அந்த மஸ்கட்காரரின் மனைவி பூங்கோதை வாசலுக்கே வந்து அழைத்தார். "வாங்க, வாங்க, குந்துங்க." எங்கள் பக்கம் 'உக்காருங்க' என்போம், ஆத்தூர் தாண்டினால் பேச்சு மாறிவிடுகிறது. கூடம் முழுக்க வெங்காயம் காயப் போட்டிருந்தது. அதன் நடுவே பூத்துணி போர்த்திக்கொண்டு டி.வி. உட்கார்ந்திருந்தது. துணியை எடுத்தார், கேசட்டைச் செருகினார், சுவிட்சைப் போட்டார். மின்சாரம் போயிற்று.

"அது போச்சுன்னா தோட்டத்துல மோட்டாரு ஓட்டுற நேரத்துக்குத்தான் வரும்" என்றார் பூங்கோதை. கேசட் டெக்கின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டது. எடுக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. சோறு போட்டார்கள். கருவாட்டுக் குழம்பு. அண்ணன் பிசைந்தாரே தவிர தின்னவில்லை.

வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "போலாம் எந்திரி. பெத்த ஊட்டுக்கு வராதவ அடிச்ச பெயிண்ட்டப் பாக்க நான் ஊர் ஊராச் சுத்தறேன். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று துண்டைத் தேடினார்.

பாவாயக்கா எழுந்திருக்கவில்லை. "மல்லிகா பொறந்தன்னிக்கு நீங்க எங்கிருந்தீங்க?" என்றார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"எனக்கு வலி எடுத்து ஆள் மேல ஆள் உட்டாங்க. தொட்டி கொதிக்குது, நூல் உள்ள கெடக்குது, இப்ப உட்டுட்டு வந்தா ஒரு பக்கம் வெளுத்துரும்னு சொல்லி அனுப்பிச்சீங்க. பொறந்து, குளிப்பாட்டி, தொட்டில்ல போட்டதுக்கு அப்பறந்தான் நீலக் கையோட வந்து நின்னீங்க. நான் ஏதாச்சும் கேட்டேனா? நாலு வருசம் பேசாம இருந்தேனா?"

பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டு வெங்காயத்தைப் புரட்டினார். எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அண்ணன் எடுத்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. கூடவே டி.வி.க்கு உயிர் வந்தது. வந்ததும் முதலில் கடல். அப்படியொரு நீலத்தை நான் சினிமாக் கொட்டகையில்கூடப் பார்த்ததில்லை. வாத்துக்குக்கூட மஞ்சள் மூக்கு. படகு வந்தது, பெண் இறங்கினாள், கிழவி பெட்டியைத் திறந்து சேலையைப் பிரித்தாள்.

அரக்கு. மாம்பழ மஞ்சள் கரை.

அந்தப் பெண் சேலையைக் கட்டிக்கொண்டு மணலில் நடந்தாள், திரும்பினாள், ஓடினாள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் சாயம் மாறவே இல்லை. நான் படத்தைப் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியுமா, தெரியாதா?

"நிறுத்துங்கம்மா" என்றார்.

பூங்கோதை பொத்தானை அழுத்தினார். படம் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. அண்ணன் எழுந்து வெங்காயத்தை மிதித்துக்கொண்டே பக்கத்தில் போனார். நீலமும் பச்சையும் ஏறிப்போன நகத்தால் கண்ணாடியைத் தொட்டார். "பாவாயி, இங்க வா. இது எந்தச் சேலைன்னு பாரு."

"மல்லிகா கல்யாணச் சேலைங்க" என்றார் அக்கா. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

இனி வாக்கு எதற்கு? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெட்டியில் இருக்கிற சேலை, புதிதாகக் கலக்கிய புட்டி, செங்கல் நிறமாய்ப் போன தாள்கள், டாக்டர் சொன்ன கெடு, அந்த ஒரு வாரம். அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொதிக்கற தொட்டிய உட்டுட்டு எவ எந்திரிச்சு வருவா?" என்றார். அந்தச் சேலையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இத நாலு வருசத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா என்னவாமா?" என்று அக்கா அழுதுகொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே சிரித்தார். பூங்கோதையும் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று சொன்னார்.

அந்தக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார் அண்ணன். பூங்கோதையும் சலிக்காமல் ஓட்டினார். முடிந்துபோன படத்தை வீட்டில் வைத்துப் பார்க்க ஏன் கேட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு அண்ணன் புருவம் சுருங்கியது.

"மஞ்சள் செரி. அரக்குல நீலம் ஒரு சொட்டுத் தூக்கலா இருக்குது" என்றார்.

"அட, ஜப்பான்ல பொம்மைக்கு அடிச்சதுங்கண்ணா!"

"பொம்மையா இருந்தா என்ன? எஞ்சாயம்னு சொல்லித்தான போட்டிருக்கறா?"

ஆத்தூர் வரும் வரை அதே பேச்சு. ஒரு நூல் சிட்டம் புதிதாகச் சாயம் போட்டுத் தருவாராம். நான் அதை ஜப்பானுக்கு அனுப்பி வைக்க வேண்டுமாம். அடுத்த தடவை அதைப் பார்த்துக் கலக்கட்டுமாம். பேத்திக்கு யார் மூக்கு என்று கேட்டார். உங்கள் மூக்குத்தான் என்றேன். வேறெங்கோ பார்ப்பதுபோல மூக்கைத் தடவிக்கொண்டார். "அப்புச்சின்னு சொல்லத் தெரியுமா அதுக்கு?" என்றார். "சொல்லிக் குடுத்தாத் தெரிஞ்சுக்கும்" என்று அக்கா பதில் சொன்னார்.

சேலம் நெருங்கும்போது அக்கா தூங்கிவிட்டார். அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். "ஏனுங்க தம்பி" என்றார். ரிக்காரர் அல்ல, தம்பி. "அவ இருக்கற ஊர்ல தண்ணி எப்படி?"

இத்தனை வருஷத்தில் தண்ணீர் என்று அவர் வாயெடுத்தாலே அது என்னைத் திட்டத்தான். இப்போது அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நல்ல தண்ணிங்கண்ணா. கொழாயத் தொறந்து அப்படியே குடிக்கலாம். உப்புங்கற பேச்சே இல்ல."

"நெசமாவா?"

"நானே குடிச்சேனுங்க."

"அப்ப நல்லாத்தான் இருப்பா" என்று சொல்லிவிட்டு, அண்ணன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.